ஜெர்சிக்கு உடம்பெல்லாம் கட்டி. பக்கத்தில் நிற்கும் மாட்டை விற்றுவிடலாமா?

கோரையாறு · புதன் இரவு 9.40

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டில் இரண்டு கறவை. ஒன்று ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, இரண்டு வேளையும் சேர்த்து 11 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. மற்றது அம்மா விடாப்பிடியாக வைத்திருக்கும் உம்பளாச்சேரி நாட்டு மாடு, பெயர் சுட்டி. ஜெர்சியிடம் ஊட்டும் கிடேரிக் கன்று ஒன்று, இரண்டரை மாதம்.

திங்களன்று ஜெர்சி தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. செவ்வாயன்று கண்ணிலும் மூக்கிலும் நீர். இன்று காலை கறக்க உட்காரும் முன் கழுத்தைத் தடவினேன், சுண்டைக்காய் சுண்டைக்காயாகக் கையில் தட்டுப்பட்டது. பொழுது சாய்வதற்குள் விலா, தொடை, மடி என்று எங்கும் கட்டி. சில எலுமிச்சை அளவு. முன்னங்கால் வீங்கி நொண்டுகிறது. பால் 4 லிட்டர்.

இது லம்பி என்கிறார்களே, அந்தத் தோல் கழலை நோய்தானா? இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். சுட்டிக்கு இன்னும் ஒன்றும் இல்லை, நன்றாகத் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வியாபாரி வருகிறார். அதற்கும் தொற்றுவதற்குள் பிடித்துக் கொடுத்துவிடலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மருந்தகத்தான் · புதன் இரவு 10.05

விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தீனி மறுத்தது, கண்ணீர், இரண்டு நாளில் கட்டி, கால் வீக்கம், பால் சரிவு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை தோல் கழலை நோயின் வரிசைதான். தோள்பட்டைக்கு முன்னாலும் பின்தொடை மடிப்பிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெறும் பூச்சிக்கடித் தடிப்பு என்றால் தோலின் மேலோடு நிற்கும், ஓரிரு நாளில் அமுங்கிவிடும். லம்பிக் கட்டி தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்கும், விரலால் பிடித்தால் கெட்டியாகத் தெரியும்.

சுட்டியைப் பற்றி. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 4 முதல் 14 நாள் வரை ஆகலாம், கணக்குக்கு 28 நாள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரே கொட்டகையில் ஒரே ஈ கடித்த மாடு அது. இன்று நன்றாகத் தின்பதால் அதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. சில மாடுகளுக்குக் கட்டியே வராமல் ரத்தத்தில் மட்டும் கிருமி ஓடும். வியாபாரி அதை ஏற்றிக்கொண்டு போய் எந்த ஊரில் இறக்குவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று இரவே ஜெர்சியைக் கொட்டகையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். கன்றை ஊட்ட விடாதீர்கள். காம்பில் புண் இருந்தாலும், பால் வழியாகவும் கன்றுக்குப் போகலாம். கறந்து, காய்ச்சி, ஆறவைத்துப் புட்டியில் கொடுங்கள். முதலில் சுட்டி, கன்று வேலையை முடித்துவிட்டு, கடைசியாக ஜெர்சியிடம் போங்கள். காலையில் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் 1962 க்கு அடியுங்கள்.

வலங்கைமான் செல்வி · புதன் இரவு 10.31

தம்பி, எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் மாட்டுக்கு வந்தபோது மாமியார் "ஆத்தா வந்திருக்கா, ஊசி கீசி போடக் கூடாது" என்று சொல்லி, வேப்பிலையைக் கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூன்று நாள் யாரையும் கொட்டகைப் பக்கம் விடவில்லை. ஊரே மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கும் ஊர், நான் என்ன பேச முடியும். நான்காம் நாள் மாடு படுத்துவிட்டது. அப்புறம்தான் டாக்டர். மாடு பிழைத்தது, வயிற்றில் இருந்த ஆறு மாதக் கன்று தங்கவில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரையும் உள்ளே விடாமல் தனியாக வைத்தார்களே, அது சரிதான். பக்கத்து வீடுகளுக்குப் போகவில்லை. அம்மா நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொள்ளட்டும், நீங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உப்பளத்தான் · வியாழன் காலை 6.12

தலைஞாயிறு பக்கம். ஏழு உம்பளாச்சேரி வைத்திருக்கிறேன். இதெல்லாம் சீமை மாட்டு வியாதி. நம் தெற்கத்தி மாட்டுக்குத் தோல் தடிப்பு, ரத்தம் வேறு. உப்பங்காற்றில் மேய்ந்து, முழங்கால் சேற்றில் உழுத இனம். சுட்டிக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். தடுப்பூசியும் போடாதீர்கள். எங்கள் ஊரில் முகாம் போட்டு ஊசி போட்டுவிட்டுப் போன பத்தாம் நாள்தான் நான்கு மாட்டுக்குக் கட்டி வந்தது. ஊசி போடாத என் மாட்டுக்கு வரவில்லை.

பழைய ஆய்வாளர் · வியாழன் காலை 8.20

உப்பளத்தாருக்குப் பாதி சரி, பாதி தப்பு.

கலப்பின மாடுகள் அதிகம் அடிபடுகின்றன, நாட்டு மாடுகள் அதைவிடத் தாங்குகின்றன. இது உண்மை. எருமைக்கு இன்னும் குறைவு. ஆனால் தாங்குவது வேறு, வராமலே இருப்பது வேறு. 2022 இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கொத்துக் கொத்தாக மாடுகள் செத்தனவே, அவற்றில் அந்த மண்ணின் நாட்டு மாடுகளும் இருந்தன. அந்த ஆண்டு நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல். பாலைவன வெயிலில் வளர்ந்த மாட்டுக்கும் தோல் தடிப்புதான்.

நோய் முதலில் கண்டறியப்பட்டது 1929 இல், ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில். ஏதோ செடி விஷம், இல்லாவிட்டால் பூச்சிக்கடி ஒவ்வாமை என்று வெகுகாலம் நினைத்தார்கள். அறுபது வருஷம் ஆப்பிரிக்காவைத் தாண்டவில்லை. அப்புறம் எகிப்து வழியாக இஸ்ரேல், துருக்கி, பால்கன் நாடுகள். 2019 இல் வங்கதேசம், அதே ஆண்டு ஒடிசா. மூன்றே வருஷத்தில் இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டது. ஈ அவ்வளவு தூரம் பறக்காது. மாட்டை ஏற்றிய லாரிதான் பறந்தது.

ஊசிக்கு வருகிறேன். நான் கால்நடை ஆய்வாளராக வேலையில் இருந்த காலத்தில் கோமாரி ஊசிக்கும் இதே பேச்சுதான். ஊசி போட்டதும் எதிர்ப்பு வந்துவிடாது, ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். ஊரில் நோய் நுழைந்த பிறகு முகாம் போட்டால், ஏற்கெனவே கிருமி ஏறிய மாடு சில அந்த வரிசையில் நிற்கும். அவற்றுக்கு எப்படியும் பத்தாம் நாள் கட்டி வரத்தான் செய்யும். பழி ஊசிக்கு.

ஆனால் ஊசி போடுகிறவர்கள் மேலும் தப்பு உண்டு. இதையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் இல்லை. ஒரே ஊசிமுனையை மாடு மாடாகக் குத்திக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது ஈ செய்கிற வேலையை மனிதன் செய்வது. மாட்டுக்கு ஒரு புது ஊசிமுனை என்று நீங்கள் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடல் கடந்தவன் · வியாழன் காலை 9.02

சிங்கப்பூரிலிருந்து. அம்மா ஊரில் மூன்று மாடு வைத்திருக்கிறார். வாட்ஸாப்பில் கட்டி வந்த மாட்டின் இறைச்சிப் படம் ஒன்று சுற்றுகிறது, பால் குடித்தால் மனிதருக்கும் கட்டி வரும் என்று. அம்மா பயந்துபோய்ப் பாலைத் தெருவில் கொட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையா? ஆட்டுக்குப் போடும் ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

மருந்தகத்தான் · வியாழன் பகல் 1.45

மனிதருக்கு வராது. பாலை எப்போதும் போலக் காய்ச்சிக் குடிக்கலாம். காய்ச்சல் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது. அது மருந்துக்காக, நோய்க்காக அல்ல.

ஆட்டு ஊசி உண்மைதான். செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை, மாட்டுக் கழலை மூன்றும் ஒரே குடும்பத்துக் கிருமிகள், ஒன்றுக்குச் செய்த ஊசி மற்றதையும் ஓரளவு தடுக்கும். நம் நாட்டில் முதலில் கையில் இருந்தது வெள்ளாட்டு அம்மை ஊசி, அதையே மாட்டுக்கான அளவில் போட்டார்கள். மாட்டம்மையை வைத்து மனிதப் பெரியம்மையைத் தடுத்த அதே பழைய தந்திரம். மாட்டுக் கிருமியையே வலுவிழக்கச் செய்து ஹிசார், இசத்நகர் ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய 'லம்பி புரோவேக்இண்ட்' 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2019 இல் ராஞ்சியில் எடுத்த கிருமியிலிருந்து செய்தது. எந்த ஊசி ஆனாலும் நோய் இல்லாத மாட்டுக்கு, மழைக்கு முன்னால், ஊரில் பத்துக்கு எட்டு மாட்டுக்காவது போட்டால்தான் பலன். உங்கள் அம்மாவைப் பாலைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோரையாறு · வியாழன் இரவு 8.50

டாக்டர் வந்தார். காய்ச்சல் 105.6. லம்பி என்றே சொன்னார், ஒரு கட்டியின் பொருக்கும் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். காய்ச்சலுக்கும் வலிக்கும் மெலாக்சிகாம், புண்ணில் சீழ் பிடிக்காமல் ஆன்டிபயாடிக். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, உடம்பு தானே போராடும்வரை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார். சுட்டிக்கு ஊசி கேட்டேன். தெர்மாமீட்டர் வைத்துவிட்டு, "இன்று 102 க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இந்தக் கொட்டகையில் இப்போது போட்டு நாளை கட்டி வந்தால் நீங்களே என்னைத் திட்டுவீர்கள். பொறுத்துப் பார்ப்போம். முதலில் சுற்றி உள்ள ஊர்களுக்குப் போடுகிறேன்" என்றார். மேலே ஆய்வாளர் ஐயா சொன்னது அப்படியே.

எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிட்டது. மூன்று வீடு தள்ளி ஒருவர் புரட்டாசியில் சந்தையிலிருந்து மாடு பிடித்து வந்தார். அதற்குக் கட்டி வந்து, பால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, கொல்லையில் சாக்குப் படுதா கட்டி மறைத்தே வைத்திருக்கிறார். இன்று டாக்டர் வண்டியைப் பார்த்ததும் அவரே வந்து கூப்பிட்டார். கோபம் வந்தது. அப்புறம் என் முதல் பதிவை நானே திரும்பப் படித்தேன். ஞாயிறு வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய ஆய்வாளர் · வெள்ளி காலை 7.15

நல்ல காரியம். ஒன்று கேட்கிறேன். குறுவை வைக்கோல் என்ன ஆனது?

கோரையாறு · வெள்ளி காலை 7.40

அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது ஐயா. பாதி நனைந்துவிட்டது. மாடு தின்னாததைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், சாணிக் குழிக்குப் பக்கத்தில். ஏன்?

பழைய ஆய்வாளர் · வெள்ளி காலை 8.30

அதற்காகத்தான் கேட்டேன். இந்த நோயைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கொசு, உண்ணி என்கிறார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் கொட்டகைக்குள் மாட்டிலிருந்து மாட்டுக்குக் கிருமியைக் கடத்துவதில் பெரிய கை கடி ஈக்குத்தான். பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் வாயில் ஊசி போல ஒரு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காலில்தான் கடிக்கும். மாடு காலைக் காலை உதைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் அது இந்த ஈதான். ஒரு மாட்டில் பாதி ரத்தம் குடிக்கும்போதே மாடு வாலால் விரட்டும், உடனே அடுத்த மாட்டில் போய் மீதியைக் குடிக்கும். கிருமி ஈயின் வயிற்றில் பெருக வேண்டியதில்லை, அந்த வாய்க்குழலில் ஒட்டிப் போனாலே போதும். இப்போது புரியும், ஜெர்சியைத் தள்ளிக் கட்டச் சொன்னது ஏன் என்று.

அந்த ஈ எங்கே முட்டையிடும்? வெறும் சாணியில் அல்ல, ஓடும் தண்ணீரிலும் அல்ல. நனைந்து மக்கும் வைக்கோலில் சாணியும் மூத்திரமும் கலந்த இடம் அதற்கு அரண்மனை. இந்த வெக்கையில் முட்டை ஈயாக மாற இரண்டு மூன்று வாரம் போதும். டெல்டாவில் சம்பா வைக்கோல் வெயிலில் காய்ந்து போருக்குப் போகிறது. குறுவை வைக்கோல்தான் மழையில் மாட்டிக்கொண்டு கொட்டகைப் பின்னால் அழுகுகிறது. மேட்டூர் திறப்பு, குறுவை அறுப்பு, ஐப்பசி அடைமழை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்த ஈக்கு வாய்ப்பாகப் போகிறது. நான் பார்த்தவரை, நனைந்த வைக்கோலை வாரா வாரம் வாரிக் கொட்டகையை விட்டு எட்டக் கொண்டுபோய் மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்ட வீடுகளில் இரண்டாவது மாடு தப்பித்திருக்கிறது. எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் நொச்சியும் வேம்பும் போட்டு மூட்டம் போடுங்கள். கொசுவலை முடிந்தால் கட்டுங்கள். மேலே தெளிக்கும் பூச்சி மருந்தை டாக்டரைக் கேட்டு மட்டும், கறவை என்று சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் வயலுக்குக் கொடுக்கும் மருந்தைக் கலந்து ஊற்றி மாட்டைக் கொன்றவர்கள் உண்டு.

உப்பளத்தான் · வெள்ளி இரவு 9.10

ஐயா சொன்ன ஈ விஷயம் எனக்குப் புதிது. என் மாடுகள் திறந்த வெளியில், கடல் காற்றில் நிற்கின்றன, கொட்டகையே கிடையாது. தப்பித்தது ரத்தத்தால் என்று நினைத்தேன், காற்றாலும் இருக்கலாம். ஊசி விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்று கேட்கிறேன். என்னிடம் பொலிகாளை ஒன்று இருக்கிறது, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பசுவை ஓட்டி வருகிறார்கள். அதில் ஏதும் உண்டா?

மருந்தகத்தான் · வெள்ளி இரவு 10.20

உண்டு. நோய் வந்த காளையின் விந்தில் 42 நாள் வரை கூடக் கிருமி இருந்தது பதிவாகியிருக்கிறது. காளைக்குக் காய்ச்சல் வந்தால் சில காலம் மலடாகவும் ஆகலாம். இந்த மழை முடியும்வரை வெளி மாட்டை உள்ளே விடாதீர்கள். தை, மாசியில் ராமநாதபுரத்துக் கிடை மாடுகள் வந்தால் மேய்ச்சலையும் பிரித்துக்கொள்ளுங்கள். சுத்தமான உம்பளாச்சேரிக் காளை இன்று எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறது. அதற்காகவாவது ஊசி போடுங்கள் அண்ணே. ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம், ஒரு நாள் சோர்வு வரலாம், அவ்வளவுதான்.

வலங்கைமான் செல்வி · சனி காலை 6.50

புண்ணுக்கு ஒரு குறிப்பு. கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை மருந்துதான், எங்கள் மாட்டுக்கு நானே செய்தேன். உள்ளுக்கு வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவித் தடவிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று மணிக்கு ஒரு தரம், அப்புறம் நாளுக்கு மூன்று வேளை. மேலுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, ஆறியதும் புண்ணைக் கழுவித் தடவ வேண்டும். புழு வைத்துவிட்டால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்துப் பூசலாம். எங்கள் மாட்டுக்கு ஈ மொய்ப்பது நின்றது. கட்டி அமுங்கியது மருந்தாலா நாளாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மருந்தகத்தான் · சனி காலை 9.15

நானும் சொல்லிக் கொடுப்பதுதான். ஊசி மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே இதையும் செய்யலாம். இதை நம்பிக் காய்ச்சல் மாட்டுக்கு டாக்டரைக் கூப்பிடாமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று, கடையில் யாராவது மலிவாக டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாட்டுக்கு அது 2006 இலேயே தடை. பிணம் தின்னும் கழுகுகள் அதனால்தான் பெருமளவு அழிந்தன.

கோரையாறு · மறு வெள்ளி இரவு 9.30

பத்து நாள் கணக்கு. ஜெர்சிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கட்டிகள் வெடித்து, நடுவில் வட்டமாகத் தோல் செத்துக் கழன்று விழுகிறது, உள்ளே சிவந்த பள்ளம். பார்க்கச் சகிக்கவில்லை. விழுந்த பொருக்கைப் பொறுக்கி எரிக்கிறேன், அதில் ஒரு மாதத்துக்கு மேலும் கிருமி உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொன்னதால். தரைக்கு பிளீச்சிங் பவுடர். செல்வி அக்காவின் எண்ணெய் தினமும் இரண்டு வேளை. கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில் இருந்த வீக்கம் வடிந்துவிட்டது.

சந்தை மாடு வாங்கியவர் வீட்டுக் கன்று செத்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் இழுத்துவிடப் பார்த்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் போய் ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். தோலுக்கு ஆள் கேட்டு வந்தார்கள், கொடுக்கவில்லை.

சுட்டிக்கு எட்டாம் நாள் ஒரு பொழுது காய்ச்சல். கழுத்தில் ஐந்து கட்டி, அதற்கு மேல் ஏறவில்லை. மூன்றாம் நாள் பழையபடி வேலியைத் தாண்டி உளுந்துக் கொல்லைக்குப் போய்விட்டது. விற்றிருந்தால் அந்த ஐந்து கட்டியும் வண்டியில்தான் வந்திருக்கும். நனைந்த வைக்கோலை டிராக்டர் வைத்து அள்ளிவிட்டோம், தெருவில் நான்கு வீட்டுக்காரர்களும் அள்ளினார்கள்.

உப்பளத்தான் · மறு சனி காலை 6.05

மாடு பிழைத்ததற்குச் சந்தோஷம். காளைக்கும் மூன்று பசுவுக்கும் நேற்று ஊசி போட்டாகிவிட்டது. நான்கு புது ஊசி கேட்டேன், முறைத்துக்கொண்டே கொடுத்தார்கள். மற்ற மூன்றும் சினை, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

கோரையாறு · ஐந்தாம் வாரம், ஞாயிறு மாலை 5.20

ஜெர்சி 6 லிட்டருக்கு வந்திருக்கிறது. தோலில் தழும்பு தழும்பாக இருக்கிறது, இனி யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள். கன்றுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு ஊசி எப்போது?

அப்புறம், என் அக்கா மகன் இந்த இழையை அம்மாவுக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டான், வியாபாரி வருகிறார் என்று நான் எழுதியது உட்பட. இரண்டு நாளாக அம்மா என்னிடம் பேசவில்லை. சுட்டியிடம் பேசுகிறார், நான் காதில் வாங்கும்படி.

மருந்தகத்தான் · ஐந்தாம் வாரம், ஞாயிறு இரவு 8.00

நான்கு மாதம் முடிந்ததும் கன்றைக் கொண்டு வாருங்கள். ஜெர்சிக்கும் சுட்டிக்கும் இந்த ஆண்டு வேண்டியதில்லை, வந்து போன நோயே போதும். அம்மாவையும் அழைத்து வாருங்கள், சுட்டியை விற்க வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான் என்று நானே சொல்லிவிடுகிறேன்.